மாண்டிசோரி என்பது பள்ளியின் பெயரா, ஆளின் பெயரா? அடையாற்றிலும் கொடைக்கானலிலும் போர்க்காலத்தைக் கழித்த இத்தாலி டாக்டரின் கதை

கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவில் இருக்கிறது இளையரசனேந்தல். கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்தி, உளுந்து. பொய்த்தால் தீப்பெட்டி வேலை. ரொம்ப காலம் இந்த வட்டாரத்தின் கணக்கு இதுதான். இந்தப் பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற டீச்சர்கள் இன்றைக்கும் கையில் எடுக்கிற பொருள்களில் ஒன்று தீக்குச்சி. தனிக் குச்சி என்றால் ஒன்று. பத்துக் குச்சியைச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டால் ஒரு பத்து. மூன்று கட்டும் நாலு குச்சியும் வைத்தால் முப்பத்து நாலு. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கட்டுவதும் பிரிப்பதுமாக இருப்பார்கள். பார்த்தால் விளையாட்டு மாதிரித்தான் தெரியும்.

எங்க ஆச்சியும் இதே குச்சியைத்தான் கையில் பிடித்தவர். எட்டு வயதில். மரச்சட்டத்தில் குச்சி அடுக்கப் போனார், சட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. குழந்தையின் விரல் சின்னது, வேகமாக ஓடும் என்பதால் அந்த விரலுக்குச் சந்தையில் விலை இருந்தது. பள்ளிக்கூடம் ஒன்றிரண்டு வருஷத்தோடு முடிந்தது.

அதே விரல், அதே குச்சி. ஒன்றில் குழந்தை படிக்கிறது, இன்னொன்றில் படிப்பை இழக்கிறது. குழந்தையின் கையை எதற்குப் பயன்படுத்துவது என்ற இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்க கேட்டவர் ஒரு பெண் டாக்டர். அவர் பெயரை நம்ம ஊரில் கூடுதலும் பார்ப்பது மஞ்சள் வேன்களின் பக்கவாட்டில்தான். மரியா மாண்டிசோரி.

டாக்டருக்குப் படித்த கதை

1870 ஆகஸ்ட் 31-ல் இத்தாலியின் சியாரவல்லே என்ற சிறிய ஊரில் பிறந்தார். அப்பா அலெஸாண்ட்ரோ நிதித்துறையில் அரசு ஊழியர். அம்மா ரெனில்டே நிறையப் படிக்கிறவர். அப்பாவின் வேலை காரணமாகக் குடும்பம் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது. பெண் பிள்ளை படித்தால் டீச்சர் ஆகலாம் என்பதுதான் அன்றைய உச்சவரம்பு. மரியாவுக்கு டீச்சர் வேலை பிடிக்கவில்லை (ஆமாம், இவருக்குத்தான்!). பதின்மூன்று வயதில் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார், எஞ்சினியர் ஆகும் ஆசையில். பிறகு மனசு மாறி மருத்துவம் என்றார். அப்பாவுக்கு அது அறவே ஒப்பவில்லை.

ரோம் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும் நிம்மதி இல்லை. ஆண் மாணவர்களோடு சேர்ந்து நிர்வாண உடலை ஒரு பெண் அறுத்துப் பார்ப்பது தகாது என்று சொல்லி, எல்லாரும் போன பிறகு தனியாக வந்து பிணவறையில் படிக்கச் சொன்னார்கள். படித்தார். 1896-ல் பட்டம் வாங்கினார். இத்தாலியின் முதல் பெண் டாக்டர் என்று நிறைய இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சரியில்லை, அவருக்கு முன்பே சில பெண்கள் பட்டம் வாங்கிவிட்டார்கள். முதல் சிலரில் ஒருவர் என்பதே சரி. அதே வருஷம் பெர்லினில் நடந்த பெண்கள் மாநாட்டில், ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி வேண்டும் என்று பேசிவிட்டு வந்தார்.

ரொட்டித் துணுக்கில் தொடங்கியது

பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் வேலை பார்க்கும்போது ரோமின் மனநலக் காப்பகங்களுக்குப் போகவேண்டி வந்தது. அறிவுவளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பெரியவர்களோடு சேர்த்து அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் அந்தக் குழந்தைகள் தரையில் விழுந்து கிடந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்களாம். பேராசை என்று காவல்கார அம்மாவுக்கு எரிச்சல். மாண்டிசோரி சுற்றிப் பார்த்தார். அந்த அறையில் கையில் எடுக்க வேறு ஒரு பொருளும் இல்லை. ஒரு குச்சி இல்லை, கல் இல்லை. குழந்தைகளின் கை எதையாவது தொடத் துடிக்கிறது, கிடைத்தது ரொட்டித் துணுக்கு மட்டும்.

இதார், செகுவின் என்ற இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள் முன்பே இப்படிப்பட்ட குழந்தைகளுக்குத் தொட்டு உணரும் பயிற்சிகள் கொடுத்திருந்தார்கள். அவர்களின் புத்தகங்களைத் தேடிப் படித்து, தானே பொருள்கள் செய்யவைத்து, காலையிலிருந்து மாலைவரை குழந்தைகளோடு உட்கார்ந்தார். அவர்களில் சிலர் சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் தேர்வையே எழுதித் தேறினார்கள். ஊர் கைதட்டியது. மாண்டிசோரியின் கவலை வேறு மாதிரிப் போனது: இந்தக் குழந்தைகளே இவ்வளவு செய்யமுடியும் என்றால், நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளி எந்த நிலையில் வைத்திருக்கிறது?

இதே காலத்தில் சொந்த வாழ்க்கையில் பெரிய அடி. உடன் வேலை பார்த்த டாக்டர் ஜுசெப்பே மொன்டெசானோவுக்கும் இவருக்கும் 1898-ல் மரியோ என்ற மகன் பிறந்தான். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. வெளியே தெரிந்தால் அவருடைய வேலையும் பெயரும் போய்விடும் என்ற நிலை. குழந்தை கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்ந்தான். மொன்டெசானோ வேறு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார், தகப்பன் என்ற முறையில் அவருடைய வேலைக்கு எந்த ஆபத்தும் வரவில்லை. உலகக் குழந்தைகளுக்கெல்லாம் பாடம் சொன்னவர் தன் பிள்ளையைத் தூக்கி வளர்க்கவில்லை என்று இன்றும் சிலர் குத்திக்காட்டுகிறார்கள். 1890-களின் ரோமில் அவருக்கு என்ன வழி இருந்தது என்பதையும் சேர்த்துப் பேசினால்தான் அது நியாயம். பதினைந்து வயது வாக்கில் மரியோ அம்மாவிடம் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகும் வெளியில் உறவுக்காரப் பையன், வளர்ப்பு மகன் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். இந்தப் பொய் எங்கே, எப்போது உடைந்தது என்பதில்தான் சென்னைக்குப் பங்கு இருக்கிறது. அதற்கு வருவோம்.

சான் லொரென்சோ: சுவரைக் கிறுக்கிய பிள்ளைகள்

ரோமில் சான் லொரென்சோ என்பது கூலித் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. ஒரு நிறுவனம் அங்கிருந்த பழைய அடுக்குக் கட்டடங்களைச் செப்பனிட்டு வாடகைக்கு விட்டது. அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போய்விட, பள்ளி வயது வராத பிள்ளைகள் படிக்கட்டில் ஓடுவதும் புதுச் சுவரைக் கிறுக்குவதுமாக இருந்தார்கள். சுவரைத் திரும்பத் திரும்பப் பூசுவதைவிட, பிள்ளைகளை ஒரு அறையில் வைத்துப் பார்த்துக்கொள்வது செலவு கம்மி என்று நிறுவனம் கணக்குப் போட்டது. உலகப் புகழ்பெற்ற கல்விமுறை ஒன்று தொடங்கியது இந்தப் பெயிண்டுச் செலவுக் கணக்கில்!

1907 ஜனவரி 6-ல் குழந்தைகள் இல்லம் திறந்தது. மூன்று முதல் ஆறு வயதுவரை ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அழுகை, பயம். பார்த்துக்கொள்ள நியமித்த பெண் ஆசிரியர் பயிற்சி எதுவும் பெறாதவர். மாண்டிசோரிக்கு அது வசதியாகவே இருந்தது. பயிற்சி பெற்றவர் என்றால் உடனே பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவாரே.

அடுத்த சில மாதங்களில் நடந்தவற்றை அவரே ஆச்சரியத்தோடு எழுதி வைத்திருக்கிறார். நன்கொடையாக வந்த நல்ல பொம்மைகளைப் பிள்ளைகள் சீண்டவில்லை. துளைக்கட்டையில் பொருந்தும் மர உருளைகளை எடுத்துவிட்டு மறுபடி பொருத்திக்கொண்டே இருந்தாள் ஒரு சின்னப் பெண். சுற்றி மற்ற பிள்ளைகளைப் பாடவிட்டும் அவள் நிமிரவில்லை. உட்கார்ந்திருந்த நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார்கள், மடியில் கட்டைகளை அள்ளிக்கொண்டு அங்கேயும் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் செய்துவிட்டுத் தானாக நிறுத்தினாள். இன்னொரு நாள் பொருள் வைக்கும் அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார்கள். திருட்டு நடக்கும் என்று நினைத்தால், பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அப்புறம்தான் பூட்டு போய், பிள்ளைகளின் உயரத்துக்குத் திறந்த அலமாரிகள் வந்தன.

எனக்குப் பிடித்தது மூக்குச் சிந்தும் பாடம். சத்தம் வராமல், கைக்குட்டையை நாசூக்காக வைத்து மூக்கைச் சிந்துவது எப்படி என்று ஒருநாள் செய்துகாட்டினார். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தால், முடிந்ததும் கைதட்டிவிட்டார்கள். மூக்கு ஒழுகுது என்று திட்டாத ஆளே இல்லை, சரியாகச் சிந்துவது எப்படி என்று அதுவரை யாரும் காட்டவில்லை.

எழுத்து வந்த கதையும் அப்படித்தான். சொரசொரப்பான உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவி, அதன் ஒலியைச் சொல்லவேண்டும். நம்ம திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் எழுதவைத்தார்களே, கிட்டத்தட்ட அந்த ருசி. எழுதச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு டிசம்பர் நாள், மொட்டை மாடியில் புகைபோக்கியைப் படமாக வரையச் சொல்லி ஒரு பையனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்தார். வரைந்து முடித்தவன் திடீரென்று தனக்கு எழுதவருகிறது என்று கூவிக்கொண்டே மண்டியிட்டுத் தரையில் எழுதினான். அவன் முதலில் எழுதிய சொல்லுக்கு இத்தாலியில் 'கை' என்று அர்த்தம். தமிழில் என்றால் ஒரே எழுத்தில் முடிந்திருக்கும்.

பொருள்களில் என்ன விசேஷம்?

ஒரு பொருள், ஒரு விஷயம். இளஞ்சிவப்புக் கோபுரம் என்று பத்து மரக் கட்டைகள் உண்டு, ஒரு செ.மீ. முதல் பத்து செ.மீ. வரை. நிறம் ஒன்று, வடிவம் ஒன்று, மாறுவது அளவு மட்டும். வரிசை தப்பினால் டீச்சர் வந்து சொல்லத் தேவையில்லை, கோபுரமே காட்டிக்கொடுத்துவிடும். மணிக் கணக்கும் இதே போலத்தான்: ஒரு மணி என்றால் ஒன்று, கம்பியில் கோத்த பத்து மணி என்றால் பத்து, அப்படிப் பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு, பத்துச் சதுரம் அடுக்கினால் ஆயிரம். ஆயிரம் எவ்வளவு கனம் என்று குழந்தை கையால் தூக்கிப் பார்க்கிறது. நம்ம பாடப்புத்தகத்தின் ஆணிமணிச் சட்டத்துக்கு இதை ஒன்றுவிட்ட அக்கா என்று சொல்லலாம்.

குறை இல்லாமல் இல்லை. பொருளை அதற்குரிய முறையில்தான் கையாளணும் என்பதில் அவர் கறார். கோபுரக் கட்டையை ரயில் வண்டி ஆக்கினால் ஒத்துக்கொள்ள மாட்டார். சின்னப் பிள்ளைகளுக்குத் தேவதைக் கதைகள் சொல்வதிலும் அவருக்கு உடன்பாடு இல்லை. 1914-ல் அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் இந்தக் கறார்த்தனத்தை எல்லாம் சுட்டிக்காட்டி ஒரு புத்தகமே எழுதினார், அங்கே மாண்டிசோரி அலை அடங்க அதுவும் ஒரு காரணம். ஆசிரியர் பயிற்சியைத் தன் கையை விட்டுப் போகாமல் அவர் இறுக்கிப் பிடித்ததும் உண்மை.

முசோலினியோடு ஒரு பத்து வருஷம்

1909-ல் வந்த அவருடைய முதல் புத்தகம் பல மொழிகளில் பரவியது. 1913-ல் அமெரிக்கப் பயணம். 1915-ல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறை, உள்ளே பிள்ளைகள் வேலை செய்ய, வெளியே கூட்டம் நின்று பார்த்தது.

1920-களில் முசோலினி அரசு அவருடைய பள்ளிகளுக்கு ஆதரவு தந்தது, அவரும் ஏற்றுக்கொண்டார். அரசியல் தனக்கு முக்கியமில்லை, குழந்தைதான் முக்கியம் என்ற நினைப்பு. சர்வாதிகாரிக்குத் தேவை கேள்வி கேட்காத பிள்ளைகள், இவர் வளர்ப்பது தானாக முடிவெடுக்கும் பிள்ளைகள். இது ஒட்டாது என்று அவருக்குப் புரிய பத்து வருஷம் ஆனது. அவர் வாழ்க்கையில் மன்னிக்கக் கஷ்டமான பகுதி இதுதான் என்பேன். 1934 வாக்கில் உறவு முறிந்தது, இத்தாலியிலும் ஜெர்மனியிலும் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. தங்கியிருந்த பார்சலோனாவிலும் 1936-ல் உள்நாட்டுப் போர். அங்கிருந்து நெதர்லாந்து. அறுபத்தாறு வயதில் மறுபடி முதலிலிருந்து.

மூன்று மாதம் என்று வந்தவர்

1939-ல் அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைக்க, நவம்பரில் மெட்ராஸ் வந்து இறங்கினார். கூடவே மரியோ. திட்டம் சில மாதப் பயிற்சி வகுப்பு. 300-க்கும் மேற்பட்டவர்கள் பதிந்தார்கள், இடம் பத்தாமல் ஓலைக் கொட்டகை போட்டார்கள். அவர் இத்தாலியில் பேச, வாக்கியம் வாக்கியமாக மரியோ ஆங்கிலத்தில் சொன்னார்.

1940 ஜூன் 10-ல் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் இந்தியாவில் இத்தாலியர்கள் ஒரே நாளில் எதிரிகள். முசோலினியால் பள்ளிகளை இழந்தவர், இப்போது முசோலினி நாட்டுக்காரர் என்பதற்காகக் காவலில்! மரியோவை அகமதுநகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மாவுக்கு அடையாறு வளாகத்தைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. மொழிபெயர்க்க ஆள் இல்லை, பேச மகன் இல்லை.

ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாவது பிறந்தநாள். அரசிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக என்ன தரலாம் என்று யோசித்து, மகனைத் திருப்பித் தருவதே சரி என்று முடிவெடுத்ததாக அதில் இருந்தது. மகன் என்ற அந்தச் சொல்தான் விஷயம். நாற்பது வருஷமாக வெளியில் சொல்லாமல் வைத்திருந்த உறவை, காவலில் வைத்த அரசாங்கமே தந்தியில் எழுதி ஊருக்குச் சொல்லிவிட்டது. அப்புறம் யாரும் அதை மறைக்கவில்லை.

கொடைக்கானல் பள்ளி

1942-ல் கொடைக்கானல் போனார்கள். அங்கே சுமார் இரண்டு வருஷம். கைக்குழந்தை முதல் பன்னிரண்டு வயதுவரை பிள்ளைகள் சேர்ந்த ஒரு சின்னப் பள்ளி. இலங்கையிலிருந்து வந்த லீனா விக்ரமரத்ன என்ற ஆசிரியை கூடவே இருந்து நடத்தினார். கட்டைகளும் மணிகளும் மட்டும் போதாது என்பது பெரிய பிள்ளைகளைக் கவனித்தபோது தெரிந்தது. அவர்கள் வெளியே ஓடினார்கள். இலை பறித்து வகைப்படுத்தினார்கள், குட்டையில் தலைப்பிரட்டை பிடித்து வளர்த்தார்கள், பூச்சி எங்கிருந்து வந்தது, மலை எப்படி வந்தது என்று கேட்டார்கள். தாவரம், விலங்கு, மண், மனிதன் எல்லாம் ஒன்றோடு ஒன்று கோத்த கதை என்று சொல்லித் தரும் பிரபஞ்சக் கல்வி என்ற பகுதி கொடைக்கானலில்தான் உருப்பெற்றது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு இன்று உலகம் முழுக்க மாண்டிசோரி பள்ளிகளில் இருக்கிற பாடத்திட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது. பழைய மாண்டிசோரியின் கறார்த்தனம் இந்த மலையில் கொஞ்சம் இளகியதாகவே எனக்குப் படுகிறது.

போர் முடிந்து 1946-ல் ஐரோப்பா போனார், மறுபடி இந்தியா வந்தார், 1949-ல் கடைசியாகக் கிளம்பினார். இந்தியாவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றார்கள். 'உள்வாங்கும் மனம்' என்று பொருள்படும் அவருடைய புகழ்பெற்ற புத்தகம் 1949-ல் முதலில் வெளிவந்தது அடையாற்றில்தான். அமைதிக்கான நோபல் பரிசுக்கு மூன்று முறை பெயர் போனது, கிடைக்கவில்லை. 1952 மே 6-ல் நெதர்லாந்தின் கடலோர ஊரான நோர்ட்வெய்க்கில் இறந்தார். வயது 81.

கை என்றாலே சந்தேகம்

அவர் இறந்த மறு வருஷம், 1953-ல், ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளிக்குப் புதுத் திட்டம் கொண்டுவந்தது. பாதி நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டில் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்கணும். குலக்கல்வி என்று எதிர்ப்பு வெடித்தது. ராஜாஜி பதவி விலகி, 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அதிலிருந்து தமிழ்நாட்டில் ஏழைப் பிள்ளையின் பள்ளியில் கைவேலை என்று யாராவது சொன்னாலே ஒரு சந்தேகம் வரும். வரத்தான் வேண்டும். அந்தச் சந்தேகம் எதற்கு என்று தீப்பெட்டி வட்டாரத்துக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது 1986-ல், சிவகாசிக் குழந்தைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996-ல். எங்க ஆச்சிக்கு இரண்டும் லேட்.

காந்தியின் ஆதாரக் கல்வியில்கூட ராட்டையில் நூற்ற நூலுக்கு ஒரு விலை உண்டு, பள்ளிச் செலவுக்கு அது உதவணும் என்று அவர் நினைத்தார். மாண்டிசோரியின் வகுப்பில் குழந்தை செய்யும் எதையும் விற்கமுடியாது. கட்டின கோபுரத்தைக் கலைத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போகவேண்டியதுதான். கைக்குக் கிடைக்கிற கூலி, கணக்குப் புரிவது.

மீண்டும் பாய்க்கு

ஏழைத் தொழிலாளர் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை, இந்தியாவில் பெரும்பாலும் ஃபீஸ் கட்டுகிற பள்ளிகளின் அடையாளமானது. மாண்டிசோரி என்ற பெயருக்குத் தனி உரிமை கிடையாது என்று அமெரிக்காவிலேயே 1967-ல் முடிவாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். எழுதியவர்கள் எல்லாரும் அலமாரியைத் திறந்து வைத்தார்களா என்பது வேறு கதை.

அரசுப் பள்ளிக்கு அது வேறு பெயரில் வந்தது. 2003-ல் எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். ரிஷிவேலி பள்ளியின் அட்டை முறையும் மாண்டிசோரியின் பொருள்களும் அதற்கு முன்மாதிரிகள். 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தபோது நான் சின்ன வகுப்பில் இருந்தேன். பெஞ்ச் போய் பாய் வந்தது. சுவரில் நம்ம உயரத்துக்குக் கரும்பலகை, ஆளுக்கொரு பகுதி. ஏணிப்படியைப் பார்த்து அடுத்த அட்டையை நாமே எடுக்கணும். வருகையை நாமே குறிக்கணும், அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. அட்டை தொலைந்தால் படிப்பு நின்றுவிடும் என்பதும், ஒரு டீச்சர் அத்தனை குழுவையும் ஓடி ஓடிப் பார்ப்பார் என்பதும் நினைவிருக்கிறது.

இப்போது இருப்பது 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும். முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை, அடுத்த வருஷம் ஐந்துவரை. எந்த வகுப்பு என்பதைவிட, பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். பாட்டு, கதை, கைவினை, பொம்மலாட்டம் எல்லாம் வகுப்புக்குள் வந்துவிட்டது. கதைக்கும் பொம்மலாட்டத்துக்கும் மாண்டிசோரி முகம் சுளித்திருப்பார். சுளிக்கட்டும், அந்த விஷயத்தில் நம்ம டீச்சர்கள் பக்கம்தான் நான்.

உங்க பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது வகுப்பறைக்குள் ஒருமுறை போய்ப் பாருங்க. ஆணிமணிச் சட்டமும் எழுத்து அட்டைகளும் எங்கே இருக்கின்றன? பீரோவில் பூட்டி, அதிகாரி வரும்போது மட்டும் எடுக்கிறார்களா, பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறதா? தீக்குச்சிக் கட்டைப் பிரித்துக் காட்டுவது டீச்சரா, பிள்ளையா? பொருள் பத்தவில்லை என்றால் அந்தக் கூட்டத்திலேயே கேட்டு, தீர்மானத்தில் எழுதவைக்கலாம். பெற்றோர்தான் அந்தக் குழுவில் பெரும்பான்மை.